காஞ்சி மாநகரில் நிழலும் நீரும்: நகர வெப்பத் தணிப்பின் வரலாற்றுச் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

வெப்பம் மிகுந்த நாடுகளின் நகரங்களைக் குளிர்விக்க மரம் நடுதலே எளிய வழி என இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கையே இம்முயற்சிகளின் அளவுகோலாகவும் கொள்ளப்படுகிறது. இக்கட்டுரை காஞ்சிபுரத்தின் இலக்கிய, செப்பேட்டு, கல்வெட்டு, வழிபாட்டுச் சான்றுகளையும் நெசவுத் தொழிலின் நடைமுறைகளையும் கொண்டு அந்நகரில் நிழல் எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது என்பதை ஆராய்கிறது. நீடித்து நின்ற நிழல்கள் யாவும் நீர், பயன், பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்றிருந்தன என்பதும், அம்மூன்றும் பிரிந்தபோதே நகரம் தன் குளிர்ச்சியை இழக்கத் தொடங்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், நந்தவனம், தோட்ட வாரியம், நடவாவி, நெசவு, நகர வெப்பம், பேட்ரிக் கெடிஸ்

1. முன்னுரை

தொண்டைநாட்டின் தலைநகராகவும், பல சமயங்களின் கல்விக் களமாகவும், பட்டு நெசவின் இருப்பிடமாகவும் காஞ்சிபுரம் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் கோயிற்கட்டடக் கலை குறித்தும் பல்லவர் வரலாறு குறித்தும் நூல்கள் பல உள. ஆயின் அந்நகர மக்கள் கோடையை எவ்வாறு கடந்தனர் என்ற வினா மிக அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கடற்கரையிலிருந்து உள்வாங்கி அமைந்த ஊராதலின், சென்னைக்கு நண்பகலில் கிடைக்கும் கடற்காற்று காஞ்சிக்குத் தாமதமாகவும் வலுக்குன்றியும் வந்து சேர்கிறது. பாலாறும் வேகவதியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கின்றன. இத்தகைய நிலத்தில் பெருநகர் ஒன்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இடையறாது வாழ்ந்து வந்திருப்பதே ஆராயத்தக்க செய்தியாகும்.

இவ்வாய்வுக்கு ஒரு நடைமுறைத் தேவையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் வன, மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வகுத்தது. 2024இல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. நட்ட மரத்தைக் காப்பவர் யார், அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்ற வினாக்களுக்கு இத்திட்டங்கள் விடை காண வேண்டியுள்ளது. அவ்வினாக்களைக் காஞ்சி முன்பே எதிர்கொண்டிருக்கிறது.

ஒரு வரையறையைத் தொடக்கத்திலேயே கூறுதல் தகும். பழங்காலச் சான்றுகளில் நகர வெப்பத்தைக் குறைப்பதற்கெனத் தோட்டம் அமைத்ததாகச் செய்தி இல்லை. நந்தவனம் பூவுக்காக அமைக்கப்பட்டது. ஏரி பாசனத்துக்காக வெட்டப்பட்டது. குளிர்ச்சி அவற்றின் உடன்விளைவு. ஆகவே முன்னோரைச் சூழலியல் அறிஞராக உயர்த்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேறு நோக்கங்களுக்காக எழுந்த அமைப்புகள் நிழலை எவ்வாறு நிலைபெறச் செய்தன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. இலக்கியச் சான்றுகள்: பொழிலும் பொய்கையும்

காஞ்சி என்பது ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரத்தின் பெயர். நகரின் பெயருக்குக் கூறப்படும் காரணங்களுள் இம்மரத்தோடு தொடர்புறுத்துவதும் ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, சுடுமண்ணால் உயர்ந்த மதில் சூழ்ந்த காஞ்சியைத் திருமாலின் உந்தித் தாமரையின் பொகுட்டுக்கு ஒப்பிடுகிறது. பூவாது காய்க்கும் மரங்களுள் பறவைகள் மிகுதியாக நாடும் பலாவைப் போல நகரங்களுள் சிறந்தது என்றும் கூறுகிறது. நகரின் சிறப்பை உணர்த்தப் புலவர் தேர்ந்த இரு உவமைகளும் நீர்ப்பூவும் கனிமரமும் ஆதல் கருதத்தக்கது.

மணிமேகலையில் இவ்விணை மேலும் தெளிவுறுகிறது. மணிமேகலை காஞ்சியை அடையும்போது நகர் மழையின்றி வாடியிருக்கிறது. அந்நிலையில் மன்னன் இளங்கிள்ளி மணிபல்லவத்தை ஒத்த பொய்கையும் பொழிலும் அங்கு அமைத்திருந்த செய்தியைக் காப்பியம் கூறுகிறது. வறட்சிக்கு மாற்றாகப் பொழில் மட்டும் அமைக்கப்படவில்லை. பொய்கையோடு கூடிய பொழிலே அமைக்கப்பட்டது. காப்பியப் புனைவாயினும், மரத்தையும் நீரையும் பிரிக்காமல் எண்ணும் மரபை இதில் காணலாம்.

ஏழாம் நூற்றாண்டில் தென்னாடு குறித்து எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், திராவிட நாட்டின் தலைநகராகக் காஞ்சியைக் குறிப்பிட்டு, அந்நாட்டில் வெப்பம் மிகுதி என்றும், மண் வளமுடையது, பூவும் கனியும் நிறைந்தது என்றும் பதிவு செய்தார். வெப்பமும் பசுமையும் ஒரே இடத்தில் நிலவியதை வேற்று நாட்டார் கண்ணும் கண்டது.

ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமான மாமரமும் இம்மரபில் வைத்து நோக்கத்தக்கது. அம்மை மாவடியில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டபோது கம்பையாறு பெருகி வர, அவள் இலிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்பது தலவரலாறு. சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்திலும், சிவஞான முனிவர் காஞ்சிப் புராணத்திலும் இவ்வரலாற்றை விரித்துரைத்தனர். நகரின் முதன்மையான தொன்மத்தில் மரமும் பெருக்கெடுக்கும் நீரும் ஒன்றாகவே நிற்கின்றன. தலமரம் என்ற தகுதி அம்மரத்தை வெட்டவியலாத பொருளாக்கியது. ஒரு தனி மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் வலிமை வாய்ந்த ஏற்பாடாக இதனைக் கருதலாம்.

3. செப்பேடுகளும் கல்வெட்டுகளும்: காத்தலின் அமைப்பு

இலக்கியம் பொழிலின் தோற்றத்தைக் காட்டுகிறது. செப்பேடுகளும் கல்வெட்டுகளும் அதன் நிருவாகத்தைக் காட்டுகின்றன. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சியை அடுத்த கூரத்தில் பரமேசுவரத் தடாகம் அமைத்ததையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே நீர் கொணர்ந்ததையும் கூறுகிறது. மழையை மட்டும் நம்பாமல் ஆற்றின் வெள்ளப் பருவத்து நீரைத் தேக்கிக் கோடைக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மாமண்டூர் ஏரியாகிய சித்திரமேகத் தடாகமும், உத்தரமேரூரின் வயிரமேகத் தடாகமும் இவ்வகையின. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நிரப்பிய நீர், நிலத்தடியில் ஊறிச் சித்திரை, வைகாசியில் கிணறுகளிலும் மரங்களின் வேர்களிலும் பயன்பட்டது.

பல்லவ, சோழ அரசர்களின் நிலக்கொடை ஆவணங்களில் கொடை பெற்றோர்க்குரிய உரிமைகள் நிரல்பட எழுதப்படுகின்றன. கிணறு தோண்டவும், செங்கழுநீர், தமனகம் முதலியவற்றை நடவும், தென்னை, பனை முதலிய மரங்களின் பயனைக் கொள்ளவும் உள்ள உரிமைகள் அவற்றுள் அடங்கும். மரம் நடுதலும் அதன் பயனை நுகர்தலும் எழுத்தில் வரையறுக்கப்பட்ட உரிமைகளாக இருந்தன என்பது இதனால் விளங்கும். உரிமை வரையறுக்கப்பட்ட மரத்துக்கு உடையவர் உண்டு. உடையவர் உள்ள மரத்துக்கு நீர் ஊற்றுவோரும் உண்டு.

இவ்வகையில் மிகச் சிறந்த சான்று காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. ஆயின் அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் செய்த பணிகள் போதிய கவனம் பெறவில்லை. முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றிய அறிவும் முதுமையும் உடையோரே சம்வத்சர வாரியத்துக்குக் கொள்ளப்பட்டனர். அஃதாவது, தோட்டத்தையும் ஏரியையும் பேணி அறிந்தவரே ஊராட்சியின் உயர்பொறுப்புக்குத் தகுதி பெற்றனர். அவர்களின் பொறுப்புக்காலம் முந்நூற்றறுபது நாள் என வரையறுக்கப்பட்டிருந்தது.

இவ்வமைப்பை மிகைப்படுத்திப் புகழ்தலும் பொருந்தாது. உத்தரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே வாரியங்களில் இடம்பெற்றனர். தோட்டத்தில் நீர் இறைத்தவர்க்கும் ஏரியில் மண் சுமந்தவர்க்கும் அவையில் இடமில்லை. கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்குக் கிடைத்த தண்மை நகரின் புறத்தே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கும் கிடைத்தது எனக் கொள்ள ஆதாரம் இல்லை. நிழல் பகிர்வில் ஏற்றத்தாழ்வு பழங்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

4. வழிபாட்டில் வேனில்

காஞ்சியின் வெம்மை வழிபாட்டு மரபிலும் பதிவாகியுள்ளது. இராமாநுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதராசருக்குச் சாற்றியவர். ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். அவர் முதலில் திருவரங்கத்திலும் திருமலையிலும் இத்தொண்டைச் செய்ய விழைந்ததாகவும், காவிரியின் குளிர்ச்சியால் அரங்கனுக்கும் மலையின் குளிர்ச்சியால் வேங்கடவனுக்கும் விசிறி தேவையில்லை, வேள்வித் தீயில் தோன்றிய காஞ்சி வரதனுக்கே அது தேவை என உணர்த்தப்பட்டதாகவும் வைணவ மரபு கூறும். இக்கதையில் மூன்று திருத்தலங்களின் தட்பவெப்பம் ஒப்பிடப்படுகிறது. ஆற்றிடைத் தீவும் மலையும் குளிர்ந்தவை. சமவெளியில் உள்ள காஞ்சி வெம்மையுடையது. இறைவனுக்கும் வெயில் சுடும் என்ற எண்ணமே வேனிற்கால உற்சவங்கள் பலவற்றின் அடிப்படை.

அவற்றுள் நடவாவி உற்சவம் தனித்து நோக்கத்தக்கது. சித்திரைப் பௌர்ணமியில் வரதராசப் பெருமாள் நகரை அடுத்த அய்யங்கார்குளத்துக்கு எழுந்தருளி, அங்குள்ள நடவாவிக் கிணற்றின் உள்மண்டபத்தில் அமர்கிறார். வாவி என்பது கிணறு. படிகளில் நடந்து இறங்கத்தக்க கிணறு நடவாவி. ஆண்டின் பிற நாட்களில் நீருள் கிடக்கும் மண்டபம், விழாவுக்காக நீர் இறைக்கப்பட்டதும் வெளிப்படுகிறது. வெளியே வெயில் காயும் பருவத்தில் நிலத்தடியின் ஈரத் தண்மையில் உற்சவர் வீற்றிருந்து, பின்னர்ப் பாலாற்றங்கரைக்குச் செல்கிறார். ஆண்டுதோறும் இவ்விழா நடைபெற வேண்டுமாயின் கிணறு தூரடைந்துபோகாமல் இருத்தல் வேண்டும். விழா என்பது நீர்நிலைக்கு ஆண்டுக்கொரு முறை நிகழும் ஆய்வாகவும் பராமரிப்பாகவும் அமைந்தது.

வரதராசர் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் அத்தி மரத்தால் ஆன திருமேனி நீருள் வைக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படுகிறது. 1979க்குப் பின் 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள் அத்திவரதர் காட்சியளித்தார். மரத்தை நீரே காக்கிறது என்னும் கருத்து இதனினும் வெளிப்படையாக எங்கும் அமையவில்லை.

5. நெசவுத் தெருவும் வெயிலும்

காஞ்சியில் வெப்பத்தை நாள்தோறும் தொழிலாக எதிர்கொண்டவர் நெசவாளர். உத்தம சோழன் காலத்துச் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஊரகப் பெருமாள் கோயிலின் பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே நெசவாளர் நகரின் பொதுப்பொறுப்பில் பங்கு பெற்றிருந்தனர் என்பது இதனால் உறுதியாகிறது.

பட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இழை. வணிக வழக்கில் அதன் இயல்பான ஈரப்பதம் 11 விழுக்காடு எனக் கணக்கிடப்படுகிறது. காற்று வறண்டால் இழை முறுக்கேறி அறுபடும். தரையில் குழி வெட்டி, அதில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்யும் குழித்தறி, மண்ணின் ஈரத்தைப் பாவுக்கு அண்மையில் வைத்தது. நெய்பவரின் உடலுக்கும் தண்மை தந்தது. ஓட்டுக் கூரையும், நடுவே முற்றமும், வாயிலில் திண்ணையும் உடைய வீடு இத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

தெருவும் தொழிற்கூடமே. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, கஞ்சி தோய்த்து, இழைகளைச் சீர்செய்யும் பணி அதிகாலையில் நடைபெறும். கஞ்சி உலர இளவெயில் வேண்டும். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிவிடவும் வேண்டும். எனவே நெசவுத் தெருவுக்கு வேண்டியது எந்நேரமும் மூடிய நிழல் அன்று. காலையில் ஒளியும் நண்பகலில் தண்மையும் தரும் தெருவே அதற்கு ஏற்றது. வீட்டோரங்களில் வேம்பும் புங்கும் பூவரசும் நின்று நடுத்தெரு திறந்திருக்கும் அமைப்பு இத்தேவைக்குப் பொருந்துகிறது. புங்கும் வேம்பும் பங்குனி அளவில் பழைய இலை உதிர்த்துத் தளிர்ப்பவை. கத்தரி வெயில் தொடங்கும்போது முழுத்தழையுடன் நிற்பவை. எந்த மரம் எந்தத் தெருவுக்கு என்ற வினாவுக்குத் தொழிலின் நேர அட்டவணையே விடை தரும் என்பதைக் காஞ்சி காட்டுகிறது.

குழித்தறியின் மேல் இன்று சிமெண்டுத் தகடோ காங்கிரீட்டுத் தளமோ வந்துவிட்ட வீடுகளில், பகலெல்லாம் கூரை வாங்கிய வெப்பம் இரவிலும் கீழிறங்குகிறது. தறியில் இருப்பவர் வெயிலை விட்டு அகலவியலாதவர். நிழல் அழகுப் பொருளாக அன்றிப் பிழைப்பின் பகுதியாக இருப்பது அவருக்கே.

6. கெடிசின் வருகை

1914ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தவர் இசுக்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் பேராசிரியராக இருந்து நகரமைப்புத் துறைக்கு வந்த அவர், 1914–15இல் சென்னை மாகாணத்தின் நகரங்கள் பலவற்றைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். காஞ்சியின் கோயில்களைவிட அதன் நகரமைப்பின் ஒழுங்கும் வீதிகளின் அகலமும் அவரை ஈர்த்தன. இத்துணை முழுமையாக எஞ்சியிருக்கும் பழைய நகரமைப்புக்கு நிகர் கூறுதல் அரிது என அவர் பாராட்டினார். 1916இல் வெளிவந்த சி. பி. வேங்கடராம ஐயரின் பண்டைத் தக்காண நகரமைப்பு குறித்த நூலுக்கும் அவர் முன்னுரை வழங்கினார்.

அக்காலச் சுகாதார அதிகாரிகள் மலேரியாவைத் தடுக்கக் குளங்களைத் தூர்த்தலையும், நெரிசலைக் குறைக்கப் பழந்தெருக்களை இடித்து நேர்சாலை அமைத்தலையும் பரிந்துரைத்தனர். கெடிஸ் இவ்விரண்டையும் எதிர்த்தார். குளத்தைத் தூர்ப்பதினும் தூய்மை செய்து மீன் வளர்த்தல் நன்று என்றார். தெருவை இடிப்பதற்கு மாறாகச் சிதைந்த சில மனைகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களில் மரம் நட்டுச் சிறு திறந்தவெளிகள் ஆக்குவதை முன்மொழிந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பின்வந்த நகரமைப்பு நடைமுறை அவர் வற்புறுத்திய பேணுதலைக் காட்டிலும் மனைப்பிரிவையும் சாலை விரிவையுமே பெரிதும் பற்றி நின்றது.

7. பொறுப்பு பிரிந்த நிலை

1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சியில், இன்று கோயிற்குளமும் நந்தவனமும் இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியில் உள்ளன. ஏரிகள் நீர்வளத் துறையிடமும், பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், தெருக்கள் மாநகராட்சியிடமும் உள்ளன. ஒரே வேரும் ஒரே நிலத்தடி நீரும் நான்கு கோப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. குழாய் நீர் வந்தபின் குளமும் கிணறும் குடிநீர்க் கடமையிலிருந்து நீங்கின. கடமை நீங்கிய நீர்நிலையைக் கவனிப்பார் குறைந்தனர்.

சாலையோரப் புளியமரங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்க்கு மரம் வேண்டும். அரசுக்கு வருவாய் வேண்டும். வழிப்போக்கர் நிழலை இலவசமாகப் பெற்றனர். சாலை விரிவாக்கத்தில் அம்மரங்கள் வீழ்ந்தபோது நிழலோடு அதனைக் காத்த ஏற்பாடும் மறைந்தது. மாற்றாக நடப்படும் கன்றுகளுக்கு அத்தகைய உரியவர் எவரும் இலர்.

இயற்பியலும் இதனையே வலியுறுத்துகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. பெருமரம் ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை இலைவழி வெளியிடுமாயின், சுமார் 67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை அது சூழலிலிருந்து ஈர்க்கிறது. நீர் கிடைக்காத மரமோ இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அது நிழல் தரும். ஆவியாதலால் வரும் தண்மையைத் தரவியலாது. நிலத்தடி நீர் தாழ்ந்த நகரில், தளக்கல்லால் மூடப்பட்ட வேருடன் நிற்கும் மரத்திடம் முழுக் குளிர்ச்சியை எதிர்பார்த்தல் இயலாது.

தமிழரும் வாழும் சிங்கப்பூர் இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. அங்கு 1963இல் மரம் நடும் இயக்கமும் 1967இல் தோட்ட நகரத் திட்டமும் தொடங்கின. அவை நிலைத்தமைக்கு நடுதலோடு பராமரிப்புக்கெனத் தனித்துறையும், 1975இல் பூங்கா, மரச் சட்டமும் அமைந்தமை முதன்மையான காரணமாகும். அங்கு மழை ஆண்டு முழுவதும் உண்டு. காஞ்சிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் ஏரியும் குளமும் இல்லாமல் சிங்கப்பூரின் முறையை இங்குப் பின்பற்றுதல் பயன் தராது.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, காஞ்சியில் பொழிலும் பொய்கையும் இலக்கியக் காலம் முதல் ஓரிணையாகவே கருதப்பட்டன. நீர்நிலை மீட்பிலிருந்து பிரிக்கப்பட்ட மரநடுகை இந்நகருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, நிலைத்த மரங்கள் யாவும் ஏதேனும் ஒரு பயனால் அல்லது தகுதியால் காக்கப்பட்டன. பூ, கனி, புளி, தலமரத் தகுதி, தொழில் என அக்காரணங்கள் வேறுபட்டன. நிழல் மட்டுமே பயனாக உள்ள மரத்துக்கு அந்நிழலில் வாழ்வோரே உரிமையாளராக்கப்பட வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தெருமரத்தின் பொறுப்பை அத்தெருவின் நெசவாளரிடம், அதற்குரிய நிதியோடு ஒப்படைத்தல் ஆராயத்தக்க வழியாகும்.

மூன்றாவது, உத்தரமேரூரின் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் ஒரே அவையில் அமர்ந்தன. இன்று மாநகராட்சி, அறநிலையத் துறை, நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியவை காஞ்சிக்கென ஒரே அவையில் அமர்வதற்குப் பத்தாம் நூற்றாண்டே முன்னோடியாக உள்ளது. ஆயின் அவ்வவை விலக்கி வைத்தோரை இவ்வவை முதலில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஓட்டுக் கூரையையும் தெருமரத்தையும் இழந்த வீட்டில் தறியேறி இருப்பவர் வெப்பத்தை அளவிடக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. அறுபடும் ஒவ்வோர் இழையிலும் அவர் அதனை அறிகிறார்.